தாக்கினால் வருவோம், ஆனால் எப்படி வருவோம்? நாடுகள் ராணுவக் கூட்டணியைப் பேசி முடிக்கும் விதம்

அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரே ஒரு வரிதான்: ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லா நாடுகளையும் தாக்கியதாகக் கொள்ளப்படும். செய்திகளில் 'பிரிவு 5' என்று அடிக்கடி அடிபடுவது இதுதான். ஒரு நாட்டின் மீது குண்டு விழுந்தால் மறுநாளே மற்ற எல்லா நாடுகளும் படையோடு கிளம்பியாக வேண்டும் என்று பலரும் இதைப் புரிந்துகொள்கிறார்கள். உடன்படிக்கை அப்படிச் சொல்லவில்லை. அந்த வரிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒவ்வொரு நாடும், 'ஆயுதப் படையைப் பயன்படுத்துவது உட்பட, தான் அவசியம் என்று கருதும் நடவடிக்கையை' உடனே எடுத்து, தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவும் என்கிறது. அதாவது என்ன செய்வது என்பதை அந்தந்த நாடே தீர்மானித்துக்கொள்ளலாம்.

'தான் அவசியம் என்று கருதும்' என்ற அந்தச் சின்னத் துண்டு தற்செயலாக உள்ளே வந்ததல்ல. அதை வைத்துத்தான் 1948லும் 1949லும் வாஷிங்டனில் பெரிய பேரம் நடந்தது. ராணுவக் கூட்டணிகள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்தப் பேரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தாலே போதும். உலகத்தில் அதற்குப் பிறகு வந்த கூட்டணிகளில் எல்லாம் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலில், எது கூட்டணி, எது கூட்டணி அல்ல என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். போர் வந்தால் ஒருவருக்கொருவர் உதவுவோம் என்று நாடுகள் எழுதிக் கொடுக்கும் வாக்குத்தான் ராணுவக் கூட்டணி. ஆயுதம் வாங்குவதும் விற்பதும் கூட்டணி ஆகாது. சேர்ந்து கடற்படைப் பயிற்சி செய்வதும் ஆகாது. குவாட் அமைப்பில் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா நான்கும் சேர்ந்து உட்காருகின்றன. ஆனால் அந்த அமைப்பில் யாரும் யாருக்காகவும் சண்டைக்கு வருவதாக எழுதிக் கொடுக்கவில்லை. 1971 ஆகஸ்ட் 9 அன்று இந்தியாவும் சோவியத் யூனியனும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இதற்குச் சற்று மேலே நிற்கிறது. இரண்டில் ஒரு நாடு தாக்கப்பட்டாலோ, தாக்கப்படும் அபாயம் வந்தாலோ, இருவரும் உடனே கலந்து பேசுவார்கள் என்று அதன் ஒன்பதாவது பிரிவு சொன்னது. கலந்து பேசுவோம், அவ்வளவுதான். அதே ஒப்பந்தத்தில், இந்தியாவின் அணிசேராக் கொள்கையை மாஸ்கோ மதிக்கிறது என்ற வரியும் இருந்தது. டெல்லிக்கு இரண்டும் தேவைப்பட்டன: பாகிஸ்தானும் சீனாவும் யோசிக்கும்படி ஒரு சேதி, கையைக் கட்டிப்போடாத ஒரு வாசகம்.

ஆக, வாக்குறுதிக்குப் படிகள் உண்டு. 'கலந்து பேசுவோம்' என்பது கீழ்ப்படி. 'எங்களால் முடிந்ததை, நாங்கள் தேவை என்று நினைப்பதைச் செய்வோம்' என்பது நடுப்படி. 'உடனே, எல்லா வழிகளிலும் ராணுவ உதவி செய்வோம்' என்பது மேல்படி. 1961இல் சீனாவும் வட கொரியாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் மேல்படியைச் சேர்ந்தது. 2024 ஜூனில் ரஷ்யாவும் வட கொரியாவும் கையெழுத்திட்டதும் கிட்டத்தட்ட அதே ரகம். எந்தப் படியில் நிற்பது என்பதுதான் பேச்சுவார்த்தையின் பாதி.

இரண்டு பயங்கள்

நண்பனின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கடன் வாங்குகிறவருக்கு, கடைசி நிமிஷத்தில் இவர் பின்வாங்கிவிடுவாரோ என்ற கவலை. கையெழுத்துப் போடுகிறவருக்கு, அந்த ஆள் கண்டபடி செலவு செய்து கடைசியில் நம் தலையில் கட்டிவிடுவானோ என்ற கவலை. ராணுவக் கூட்டணியிலும் இதே இரண்டு பயங்கள்தான். அமெரிக்க அரசியல் அறிஞர் கிளென் ஸ்னைடர் 1980களில் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்: ஒன்று கைவிடப்படுவோமோ என்ற பயம், மற்றொன்று வேண்டாத சண்டையில் இழுத்துவிடப்படுவோமோ என்ற பயம்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும். வாசகத்தை இறுக்கினால், கைவிடப்படும் பயம் குறையும், இழுத்துவிடப்படும் பயம் ஏறும். தளர்த்தினால் நேர்மாறு. பலவீனமான நாடு இறுக்கச் சொல்லும், பலமான நாடு தளர்த்தச் சொல்லும். பெரும்பாலான பேரம் இந்த இழுபறிதான்.

1948இல் மேற்கு ஐரோப்பாவின் நிலைமை மோசம். போர் முடிந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. பிரிட்டன் கையில் பணமில்லை. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இனி உதவ முடியாது என்று 1947 பிப்ரவரியிலேயே அமெரிக்காவிடம் கைவிரித்துவிட்டது. சோவியத் படைகள் கிழக்கு ஜெர்மனி வரை நிற்கின்றன. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியை முழுதாகப் பிடித்தார்கள். அடுத்து நமக்கும் மாஸ்கோவிலிருந்து ஓர் ஒப்பந்தக் காகிதம் வருமோ என்று நார்வே பயந்தது. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின், அமெரிக்காவை எப்படியாவது ஐரோப்பாவின் பாதுகாப்பில் கட்டிப்போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

அமெரிக்கா சட்டென்று தலையாட்டவில்லை. அந்த நாடு ஐரோப்பிய நாடு ஒன்றோடு ராணுவக் கூட்டணி வைத்திருந்தது அதற்கு முன் ஒரே தடவைதான், 1778இல் பிரான்ஸோடு. 1800இல் அது முடிந்தது. நிரந்தரக் கூட்டணிகள் வேண்டாம் என்று ஜார்ஜ் வாஷிங்டன் சொல்லிவிட்டுப் போனதை வேதவாக்காக வைத்திருந்த நாடு அது. 'முதலில் நீங்கள் சேர்ந்து ஏதாவது செய்து காட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம்' என்ற தோரணையில்தான் வாஷிங்டனிலிருந்து பதில் வந்தது.

இதுவும் கூட்டணிப் பேச்சில் வழக்கமான ஒரு நகர்வு. பெரிய நாடு, சின்ன நாடுகளின் மனசைச் சோதித்துப் பார்க்கும். 1948 மார்ச் 17 அன்று பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஐந்தும் பிரஸ்ஸல்ஸில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஐரோப்பாவில் ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர்கள் 'தங்கள் சக்திக்கு உட்பட்ட எல்லா ராணுவ உதவியையும் பிற உதவியையும்' செய்வார்கள் என்று அதில் எழுதினார்கள். கிட்டத்தட்ட மேல்படி. ஐந்து பேரையும் கூட்டிப் பார்த்தாலும் சோவியத் படைக்கு ஈடில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அது அமெரிக்காவுக்குக் காட்ட வேண்டிய சான்று. அதே நாளில் அதிபர் ட்ரூமன் நாடாளுமன்றத்தில் பேசி, தங்களைக் காத்துக்கொள்ளத் துணிந்த நாடுகளுக்கு நாமும் துணை நிற்போம் என்றார். ஒப்பந்தம் எதுவும் இன்னும் இல்லை.

சில நாட்களிலேயே அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் கட்டடத்துக்குள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ரகசியமாகப் பேசத் தொடங்கின. பிரான்ஸை அழைக்கவில்லை. அங்கே சொன்னால் ரகசியம் கசிந்துவிடும் என்று பயம். இதில் ஒரு வேடிக்கை: பிரிட்டிஷ் தூதரகத்தின் சார்பில் அந்த வேலையில் இருந்தவர்களில் ஒருவர் டொனால்ட் மக்லீன். அவர் சோவியத் உளவாளி. 1951இல் மாஸ்கோவுக்கு ஓடிப்போன பிறகுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது.

எதிரே உட்கார்ந்திருப்பவரை விட வீட்டில் இருப்பவரே கஷ்டம்

அமெரிக்க அரசியல் சட்டப்படி, அதிபர் கையெழுத்திடும் உடன்படிக்கைக்கு, நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். முதல் உலகப்போருக்குப் பின் அதிபர் வில்சன் பேசி முடித்துக் கொண்டுவந்த வெர்சாய் உடன்படிக்கையை அதே செனட் நிராகரித்தது. உலகமே கூடிச் செய்த ஒப்பந்தத்தில் அமெரிக்கா இல்லாமலே போனது. அந்தக் காயம் 1948இல் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. போதாக்குறைக்கு, ட்ரூமன் ஜனநாயகக் கட்சி, செனட்டில் பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்கு. அது தேர்தல் வருஷம் வேறு.

எனவே வெளியுறவுத் துறையின் துணை அமைச்சர் ராபர்ட் லவெட், ஐரோப்பியத் தூதர்களோடு பேசுவதற்கு முன்னால் ஒரு மனிதரோடு பேசினார்: செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர், மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர் ஆர்தர் வாண்டன்பர்க். வார்ட்மன் பார்க் ஓட்டலில் வாண்டன்பர்க் குடியிருந்தார். மாலை நேரங்களில் லவெட் அங்கே போய் உட்காருவார். தந்திகளைக் காட்டுவார், என்ன வாசகம் போட்டால் செனட் ஏற்கும் என்று கேட்பார். அப்படிப் பேசிப் பேசி உருவானதுதான் 1948 ஜூன் 11 அன்று செனட் நிறைவேற்றிய வாண்டன்பர்க் தீர்மானம். ஐ.நா. சாசனத்துக்கு உட்பட்டு, அரசியல் சட்ட வழிமுறைப்படி, 'தொடர்ச்சியான, பயனுள்ள சுய உதவியும் பரஸ்பர உதவியும்' இருக்குமானால், அமெரிக்கா இப்படிப்பட்ட கூட்டு ஏற்பாடுகளில் சேரலாம் என்றது அது. ஒவ்வொரு சொல்லும் ஒரு நிபந்தனை. பிற்பாடு நேட்டோ உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவில் 'சுய உதவியும் பரஸ்பர உதவியும்' அப்படியே வந்து உட்கார்ந்தது. ஐரோப்பியர்கள் தங்கள் பாதுகாப்புக்குப் போதுமான அளவு செலவு செய்வதில்லை என்று அமெரிக்க அதிபர்கள் இன்றுவரை குறைப்பட்டுக்கொள்வதன் வேர் இந்த வரியில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், இந்தக் கதை முழுவதிலும் மிகப் பெரிய பேச்சுவார்த்தைக்காரர் வாண்டன்பர்க்தான். அவர் எந்த நாட்டின் தூதரும் அல்ல, இந்தப் பேச்சு நடந்த மேஜையில் அமரவும் இல்லை.

இதற்குள் ஜூன் 24 அன்று சோவியத் யூனியன் பெர்லினுக்குப் போகும் தரைவழிகளை அடைத்துவிட்டது. ஜூலை 6 அன்று வாஷிங்டனில் ஏழு நாடுகளின் பேச்சு தொடங்கியது: பிரஸ்ஸல்ஸ் ஐந்து, அமெரிக்கா, கனடா. தூதர்கள் மட்டத்தில் கூடினார்கள். நிஜமான வேலை நடந்தது அதற்குக் கீழே இருந்த அதிகாரிகள் குழுவில். செப்டம்பரில் அவர்கள் ஒரு நீண்ட அறிக்கை தயாரித்து அவரவர் அரசுக்கு அனுப்பினார்கள். அப்புறம் நவம்பர் அமெரிக்கத் தேர்தல் முடியும் வரை காத்திருப்பு. ட்ரூமன் ஜெயிப்பார் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. ஜெயித்தார். டிசம்பரில் பேச்சு மறுபடி தொடங்கியது.

ஒரு வாக்கியத்துக்காக

இப்போது அந்தப் பிரிவு 5. ஐரோப்பியர்கள் கையில் பிரஸ்ஸல்ஸ் வாசகம் இருந்தது: எல்லா ராணுவ உதவியும். அமெரிக்கர்கள் கையில் வேறொரு முன்மாதிரி இருந்தது. 1947இல் ரியோ டி ஜனைரோவில் லத்தீன் அமெரிக்க நாடுகளோடு அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. 'ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல்' என்ற புகழ்பெற்ற வாசகம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் ரியோவில், ஆயுதப் படையை அனுப்பியே ஆகவேண்டும் என்று எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை.

1948 டிசம்பர் கடைசியில் தயாரான வரைவில், ஒவ்வொரு நாடும் உடனடியாகத் 'தேவைப்படும் ராணுவ நடவடிக்கை அல்லது பிற நடவடிக்கை' எடுக்கும் என்று இருந்தது. இரண்டு அணிக்கும் நடுவில் நிற்கும் வாசகம். ஐரோப்பியர்களுக்கு 'ராணுவ' என்ற சொல் உயிர். அமெரிக்க செனட்டர்களுக்கு அதே சொல்தான் முள். 1949 ஜனவரியில் டீன் அச்சிசன் வெளியுறவு அமைச்சரானார். தேர்தலில் செனட் ஜனநாயகக் கட்சி பக்கம் மாறியிருந்ததால் வெளியுறவுக் குழுவின் தலைவராக டெக்சாஸின் டாம் கானலி வந்திருந்தார். பிப்ரவரி 14 அன்று செனட்டில் திடீரென்று விவாதம் வெடித்தது. மிசூரி செனட்டர் ஃபாரஸ்ட் டொனல், இந்த ஒப்பந்தம் நம்மைப் போருக்குக் கட்டாயப்படுத்துகிறதா என்று கேட்டார். ஐரோப்பா போரைத் தொடங்கிவிட்டு நம்மைச் சண்டைக்குக் கூப்பிட விடமாட்டோம் என்று கானலி சொன்னார். போரை அறிவிக்கும் உரிமை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுடையது, வெளிநாட்டுக்காரன் எடுத்துக்கொள்ள முடியாது என்பதில் வாண்டன்பர்க்கும் உறுதியாக இருந்தார். செய்தி மறுநாள் ஐரோப்பியத் தலைநகரங்களை எட்டியதும் அங்கே ஒரே பதற்றம். அமெரிக்கா பின்வாங்குகிறதா?

அச்சிசன் ஒரு பக்கம் செனட்டர்களோடும் மறுபக்கம் தூதர்களோடும் மாறி மாறி உட்கார்ந்தார். கடைசியில் வந்த தீர்வைக் கவனித்துப் பார்த்தால் பேரத்தின் கைவண்ணம் தெரியும். செனட்டுக்காக 'தான் அவசியம் என்று கருதும்' சேர்ந்தது. முடிவு அவரவர் கையில். ஐரோப்பாவுக்காக 'ஆயுதப் படையைப் பயன்படுத்துவது உட்பட' சேர்ந்தது. ராணுவம் என்ற சாத்தியம் எழுத்தில் நிற்கிறது. 'உடனடியாக' என்ற சொல்லும் தப்பித்தது. கூடவே பதினோராவது பிரிவில், இந்த உடன்படிக்கை அந்தந்த நாட்டின் அரசியல் சட்ட வழிமுறைப்படி நிறைவேற்றப்படும் என்று ஒரு வரி. ஒரே வாக்கியத்தைப் படித்துவிட்டு பாரிஸ் 'அமெரிக்கா வரும்' என்று சொல்லிக்கொள்ளலாம், வாஷிங்டன் 'வரவேண்டிய கட்டாயமில்லை' என்று சொல்லிக்கொள்ளலாம். ராஜதந்திரத்தில் இப்படிப்பட்ட வாக்கியத்தை எழுதத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

பின்னாளில், 1955இல், சோவியத் யூனியன் வார்சா ஒப்பந்தத்தை உருவாக்கியபோது அதன் நான்காவது பிரிவிலும் 'ஆயுதப் படை உட்பட, அவசியம் என்று கருதும் எல்லா வழிகளிலும்' என்றே எழுதினார்கள். எதிரியின் வக்கீல்களையும் அந்த வாசகம் கவர்ந்துவிட்டது போலிருக்கிறது.

எந்த மண், யார் மண்

வாக்குறுதி எவ்வளவு என்று முடிவானாலும், எங்கே என்ற கேள்வி பாக்கி. 1949இல் ஐரோப்பிய நாடுகளில் பலவற்றுக்கு உலகெங்கும் காலனிகள். இந்தோசீனாவில் பிரான்ஸும், இந்தோனேஷியாவில் நெதர்லாந்தும் சண்டையில் இருந்தன. அந்தச் சண்டைகளுக்கு அமெரிக்கா பொறுப்பேற்கத் தயாரில்லை. அதனால் ஆறாவது பிரிவு ஒரு எல்லை போட்டது: ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள பகுதிகள், கடக ரேகைக்கு வடக்கே வட அட்லாண்டிக்கில் உள்ள தீவுகள், அப்புறம் பிரான்ஸின் அல்ஜீரிய மாவட்டங்கள்.

அல்ஜீரியா ஆப்பிரிக்காவில் அல்லவா இருக்கிறது? பிரான்ஸ் அதைத் தன் காலனி என்று ஒப்புக்கொள்ளவில்லை, தன் நாட்டின் ஒரு பகுதி என்றது. அதைச் சேர்க்காவிட்டால் நாங்கள் இல்லை என்ற அளவுக்குப் பிடிவாதம் பிடித்து எழுத வைத்தது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை அடைந்ததும் அந்த வரி செல்லாததாயிற்று.

இந்த எல்லைக்கோட்டின் விளைவுகள் விசித்திரமானவை. ஹவாய் பசிபிக்கில் இருப்பதால் அதன் மீதான தாக்குதல் பிரிவு 5இன் கீழ் வராது. 1982இல் தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோது பிரிட்டனால் நேட்டோவைக் கூப்பிட முடியவில்லை. நமக்குப் பக்கத்தில் நடந்தது கோவா. போர்ச்சுகல் நேட்டோவின் நிறுவன உறுப்பினர். 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்தபோது ஆறாவது பிரிவின்படி நேட்டோவுக்கு அங்கே வேலையில்லை. போர்ச்சுகல் 1373ஆம் ஆண்டில் இங்கிலாந்தோடு செய்துகொண்ட, உலகின் மிகப் பழைய கூட்டணிகளில் ஒன்றை நினைவூட்டியது. காமன்வெல்த் உறுப்பினரான இந்தியாவோடு மோத முடியாது என்று பிரிட்டன் நழுவிக்கொண்டது.

போர்ச்சுகலை ஏன் சேர்த்தார்கள் என்பதே ஒரு கதை. நேட்டோவின் முன்னுரை ஜனநாயகம், தனிமனித சுதந்திரம் என்றெல்லாம் பேசுகிறது. போர்ச்சுகலில் நடந்தது சலாசாரின் சர்வாதிகாரம். ஆனால் அவரிடம் அசோர்ஸ் தீவுகள் இருந்தன. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பறக்கும் விமானங்கள் அந்தக் காலத்தில் நடுக்கடலில் எங்கேயாவது இறங்கி எண்ணெய் நிரப்பியாக வேண்டும். அசோர்ஸ், ஐஸ்லாந்து, டென்மார்க்கின் கிரீன்லாந்து மூன்றும் அப்படிப்பட்ட படிக்கற்கள். நிலம் வைத்திருப்பவருக்குப் பேரத்தில் தனி மரியாதை உண்டு, கொள்கை கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும்.

ஐஸ்லாந்திடம் ராணுவமே இல்லை. இருந்தும் அது நிபந்தனை போட்டது: அமைதிக் காலத்தில் எங்கள் மண்ணில் வெளிநாட்டுப் படை வேண்டாம். சம்மதம் கிடைத்தது. நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த 1949 மார்ச் 30 அன்று ரேக்யவிக்கில் கட்டடத்துக்கு வெளியே கலவரம், கண்ணீர்ப்புகை. இரண்டு வருஷம் கழித்து, கொரியப் போர் மூண்ட சூழலில், அமெரிக்கப் படை அங்கே வந்து இறங்கியது. நார்வேயும் சோவியத் யூனியனுக்குப் பக்கத்து வீடு என்பதால், தாக்கப்படாத வரை அந்நியப் படைத்தளம் அமைக்க விடமாட்டோம் என்று மாஸ்கோவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்தது. அயர்லாந்து, வட அயர்லாந்தைப் பிரிட்டன் பிடித்து வைத்திருக்கும் வரை நாங்கள் வர மாட்டோம் என்று சொல்லி வெளியே நின்றது.

யாரைச் சேர்ப்பது என்பதில் சரக்குக்குச் சரக்கு என்ற மாதிரி பேரமும் நடந்தது. இத்தாலி அட்லாண்டிக் கரையில் இல்லை, போரில் எதிரணியில் இருந்த நாடு. ட்ரூமனுக்கே தயக்கம். பிரான்ஸுக்கோ தன் தெற்குப் பக்கம் காலியாக இருக்கக் கூடாது, கூட்டணியின் எடை வடக்கே போய்விடக் கூடாது. 1949 மார்ச் தொடக்கத்தில் நார்வேயைப் பேச்சுக்கு அழைக்கும் விஷயம் வந்தபோது, பிரெஞ்சுத் தூதர் ஆன்ரி பொன்னே அதைப் பிடித்துக்கொண்டார். நார்வே உள்ளே வரவேண்டுமானால் இத்தாலியும் வரவேண்டும். மற்றவர்கள் இறங்கி வந்தார்கள்.

எவ்வளவு காலத்துக்கு என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கை 50 வருஷத்துக்கு. பிரான்ஸ் அதையே கேட்டது. அமெரிக்கா அவ்வளவு நீளத்துக்குக் கையெழுத்திடாது. 20 வருஷத்துக்குப் பிறகு, ஒரு வருஷ நோட்டீஸ் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் விலகலாம் என்று முடிந்தது. இதுவரை யாரும் விலகவில்லை.

1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்டன. செனட் ஜூலை 21 அன்று 82க்கு 13 என்ற கணக்கில் ஒப்புதல் தந்தது. வாண்டன்பர்க்கின் ஓட்டல் அறையில் கழிந்த மாலைகள் வீண்போகவில்லை.

படிக்காமல் கையெழுத்திட்டால்

வாசகத்தில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்காசியாவிலேயே உதாரணம் உண்டு. 1954 செப்டம்பர் 8 அன்று மணிலாவில் சீட்டோ என்ற தென்கிழக்காசியக் கூட்டணி உருவானது. பாகிஸ்தானும் அதில் ஒன்று. பாகிஸ்தானுக்குக் கவலை இந்தியா பற்றி. அமெரிக்காவுக்குக் கவலை சீனா பற்றி. 'கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்பு' என்று போடாமல் பொதுவாக 'ஆக்கிரமிப்பு' என்று போட வேண்டும் என்பது பாகிஸ்தானின் விருப்பம். உடன்படிக்கை அப்படித்தான் எழுதப்பட்டது. ஆனால் அமெரிக்கா தன் கையெழுத்துக்கு முன்னால் ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டது: எங்களைப் பொறுத்தவரை இந்தக் கடமை கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்புக்கு மட்டும்தான், மற்றவற்றில் கலந்து பேசுவோம்.

மேல்படியில் நிற்பதாக நினைத்தவர் கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தார். 1965 போரில் சீட்டோ உதவிக்கு வரவில்லை. அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுதம் கொடுப்பதை நிறுத்தியது. அமெரிக்க ஆயுதத்தையே பெரிதும் நம்பியிருந்த பாகிஸ்தானுக்குத்தான் அந்த அடி பலமாக விழுந்தது. 1971லும் எதுவும் நடக்கவில்லை. அடுத்த வருஷம் சீட்டோவிலிருந்து விலகப்போவதாக பாகிஸ்தான் அறிவித்தது. இதைப் பாகிஸ்தானில் துரோகம் என்று பேசுகிறவர்கள் உண்டு. எழுத்தைப் பார்த்தால் துரோகம் எதுவும் இல்லை. கேட்டது கிடைக்கவில்லை என்பது கையெழுத்திட்ட அன்றே காகிதத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் பாகிஸ்தான் பெற்ற ஆயுதமும் பணமும் மெய்யானவை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருவேளை அதுவே போதும் என்றும் கராச்சியில் கணக்குப் போட்டிருக்கலாம்.

இதற்கு நேரெதிராக, 1960இல் திருத்தி எழுதிய அமெரிக்க-ஜப்பான் உடன்படிக்கையில் கடமை ஒருபக்கமாகத் தெரியும். ஜப்பானின் நிர்வாகத்தில் உள்ள பகுதி தாக்கப்பட்டால் இருவரும் சேர்ந்து செயல்படுவார்கள். அமெரிக்க மண் தாக்கப்பட்டால் ஜப்பான் வரவேண்டியதில்லை. அதற்கு ஈடாக ஜப்பான் கொடுப்பது இடம். ஒக்கினாவா உட்பட, அமெரிக்கப் படைத்தளங்கள்.

கையெழுத்துக்குப் பிறகு

உடன்படிக்கை என்பது பேரத்தின் முடிவு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 1949 ஏப்ரலில் செனட் விசாரணையில், அயோவா செனட்டர் ஹிக்கன்லூப்பர் அச்சிசனிடம் கேட்டார்: நாம் ஐரோப்பாவுக்குக் கணிசமான படைகளை நிரந்தரமாக அனுப்ப வேண்டியிருக்குமா? கண்டிப்பாக இல்லை என்றார் அச்சிசன். அந்த ஆகஸ்டில் சோவியத் அணுகுண்டு வெடித்தது. 1950 ஜூனில் கொரியாவில் போர். 1951இல் ஏற்கெனவே ஜெர்மனியில் இருந்த படை போக, மேலும் நான்கு அமெரிக்க டிவிஷன்கள், அதாவது பெரும் படைப்பிரிவுகள், ஐரோப்பாவுக்குப் புறப்பட்டன. கூட்டுத் தளபதியாக ஐசனோவர் பாரிஸில் அலுவலகம் திறந்தார். பிரிவு 5இல் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் இப்போது சோவியத் படை நகர்ந்தால் முதல் நாளே அமெரிக்கச் சிப்பாய்கள் சாவார்கள், அப்புறம் 'தான் அவசியம் என்று கருதும்' என்பதற்கு அர்த்தமே இருக்காது. ஐரோப்பா எழுத்தில் பெற முடியாததைப் படை முகாம்களில் பெற்றுக்கொண்டது.

பிரிவு 5 இதுவரை ஒரே ஒரு முறைதான் அமலுக்கு வந்திருக்கிறது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு. அமெரிக்கா ஐரோப்பாவைக் காப்பாற்றுவதற்காக எழுதிய வரி, ஐரோப்பா அமெரிக்காவுக்கு உதவுவதற்காகப் பயன்பட்டது. நேட்டோவின் ஏழு அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்கள் 2001 அக்டோபரிலிருந்து 2002 மே வரை அமெரிக்க வானத்தில் ரோந்து சுற்றின. 13 நாடுகளின் வீரர்கள் அவற்றில் இருந்தார்கள். யார் என்ன தருவது என்பதை அப்போதும் பேசித்தான் முடிவு செய்தார்கள்.

இருக்கும் கூட்டணியில் புது ஆளைச் சேர்ப்பதும் பேரத்தின் புதிய சுற்றுத்தான். எல்லா உறுப்பினர்களும் சம்மதிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாவி. 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு ஃபின்லாந்தும் ஸ்வீடனும் மனு போட்டன. துருக்கி தடுத்தது. நாங்கள் பயங்கரவாதிகள் என்று கருதும் குர்து அமைப்புகளுக்கு நீங்கள் இடம் கொடுக்கிறீர்கள் என்றது. அந்த ஜூனில் மாட்ரிட்டில் மூன்று நாடுகளும் ஒரு குறிப்பாணையில் கையெழுத்திட்டன. ஃபின்லாந்து 2023 ஏப்ரல் 4 அன்று உள்ளே வந்தது. ஸ்வீடன் காத்திருந்தது. 2024 ஜனவரி 23 அன்று துருக்கி நாடாளுமன்றம் ஸ்வீடனுக்குச் சம்மதம் சொன்னது. சில நாட்களுக்குள், துருக்கி நீண்டகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்த எஃப்-16 விமானங்களை விற்க அமெரிக்க அரசு பச்சைக்கொடி காட்டியது. கடைசியாக மிச்சமிருந்தது ஹங்கேரி. பிப்ரவரி 23 அன்று ஸ்வீடன் பிரதமர் புடாபெஸ்ட் போனார். ஹங்கேரி ஸ்வீடனிடமிருந்து மேலும் நான்கு கிரிப்பன் போர் விமானங்கள் வாங்கும் ஒப்பந்தம் அன்று அறிவிக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து ஹங்கேரி நாடாளுமன்றம் ஒப்புதல் வாக்களித்தது.